மாட்டுக்கு ஆட்டு ஊசி

"ஏன் மாப்ள, மாட்டுக்குப் போய் ஆட்டு ஊசியைப் போட்டுட்டுப் போறாங்களே, இதெல்லாம் அடுக்குமா?"

2022 கடைசியில் ஊருக்குப் போயிருந்தப்ப எங்க மாமா கேட்ட கேள்வி இது. அந்த வருஷம் தோல் கழலை நோய் நாடு முழுக்கப் பரவி, மாடுகளுக்கு உடம்பெல்லாம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி கட்டியா வந்தது ஞாபகம் இருக்கும். எங்க ஊர்லயும் முகாம் போட்டிருக்காங்க. மாமாவோட ரெண்டு கறவைக்கும் ஊசி போட்டாச்சு. போட்டவர் போற போக்குல "இது ஆட்டம்மைக்கான ஊசிங்க, மாட்டுக்கும் கேட்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். மாமாவுக்கு அன்னையிலிருந்து தூக்கம் போச்சு.

"டாக்டருக்குத் தெரியாததா மாமா உங்களுக்குத் தெரியும்?" என்று சொல்லித் தப்பித்தேன். நமக்குப் பதில் தெரியலைன்னா இப்படித்தானே பெரியவங்க வாயை அடைக்கிறோம்! ஆனா கேள்வி என்னையும் விடலை. திரும்பி வந்து படிக்க ஆரம்பிச்சேன். மாமா கேட்டதுக்கு நேரான பதில் ரெண்டு வரிதான். கழலை நோய்க் கிருமியும் ஆட்டம்மைக் கிருமியும் ஒரே குடும்பம், பங்காளிகள். ஒன்றுக்குப் பழகிய உடம்பு இன்னொன்றையும் ஓரளவுக்கு அடையாளம் கண்டு எதிர்க்கும். அப்போது கழலை நோய்க்கென்று தனி ஊசி சந்தையில் இல்லாததால் இந்திய அரசு ஆட்டம்மை ஊசியைக் கையில் எடுத்தது. அவ்வளவுதான்.

இதைத் தேடப் போன இடத்தில் வேறொரு கதை மாட்டியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடையே இந்த ஊசி கொடுக்கல் வாங்கல் நூறு வருஷமாக நடந்து வருகிறது. அதில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும், நம்ம விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் வீட்டுக் கதை.

எங்க ஊர் செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில். பழைய கணக்குப்படி தென் ஆற்காடும் வட ஆற்காடும் முட்டிக்கொள்ளும் இடம். எங்க அம்மா கைக்குழந்தையா இருந்தப்ப, அதாவது 1950களின் நடுவில், ஊரில் வெக்கை வந்தது. ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும். மனுஷச் சாவைச் சொல்வது மாதிரிதான் சொல்லும். "மொதல்ல கண்ணுல தண்ணி வுடும்டா. மாடு அழுவுதுன்னு நெனச்சுக்குவோம். அப்பறம் வாயெல்லாம் புண்ணு, எச்சி ஒழுவும், தண்ணி கூடக் குடிக்காது. கழிச்சல் எடுத்துச்சுன்னா அந்த நாத்தத்துல கொட்டாய்க்குள்ள நிக்க முடியாது. ஒரு வாரம், பத்து நாளு. அவ்வளவுதான்."

தாத்தாவிடம் காரி, செவலை என்று ஒரு ஜோடி உழவு மாடு. ரெண்டும் நாலு நாள் இடைவெளியில் போயிடுச்சு. அந்தப் போகம் நாற்று விட்டதோடு சரி. நடவு உழவுக்கு வாடகைக்கு மாடு கேட்டால் யாரிடமும் இல்லை, எல்லார் கொட்டகையும் காலி. ஆயாவோட காதுத்தோடு திருவண்ணாமலையில் அடகுக்குப் போனது. அது திரும்பி வரவே இல்லை.

இதில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. வெக்கை வருவதற்கு முந்தின வருஷம் ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு வந்திருக்கிறார்கள். தாத்தா என்ன பண்ணினார் தெரியுமா? விடியறதுக்கு முன்னாடியே ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய், சாயங்காலம் அவர்கள் போனபிறகுதான் திரும்பினார். அவர் மட்டுமில்லை, பாதி ஊர் அப்படித்தான். "படிக்காத ஜனம், அறியாமை" என்று பள்ளிக்கூட நாட்களில் நான் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன் :-) பரிசும் வாங்கினேன். இப்போது படித்ததில் அந்தப் பரிசைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வெக்கை என்பது சாதாரண நோய் இல்லை. வெளியுலகில் இதற்கு ரிண்டர்பெஸ்ட் என்று பெயர், ஜெர்மன் மொழியில் 'மாட்டுக் கொள்ளைநோய்' என்று அர்த்தம். மனிதர்களுக்கு வரும் தட்டம்மைக்கு இது மிக நெருங்கிய சொந்தம். தட்டம்மைக் கிருமியே ஒரு காலத்தில் மாட்டு வெக்கையிலிருந்து பிரிந்து வந்ததுதான் என்கிறார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பரும் இதே குடும்பம். (வீட்டு நாய்க்குட்டிக்குக் கூட்டு ஊசி போடுகிறோமே, அதில் ஒன்று இதுக்குத்தான்.) 18ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இது ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிரான்சின் லியோன் நகரத்தில் 1761-ல் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அரசாணை பிறந்தது. 1880களின் கடைசியில் இத்தாலியப் படைகளுக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு எரித்ரியாவில் இறங்கிய வெக்கை, பத்தே வருஷத்தில் தென்னாப்பிரிக்கா வரை போய்விட்டது. போன வழியெல்லாம் பத்துக்கு எட்டு ஒன்பது மாடு காலி. எத்தியோப்பியாவில் அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். மாடு செத்தால் உழவு இல்லை, உழவு இல்லையென்றால் சோறு இல்லை. எங்க ஆயாவுக்குத் தோடு போனது, அவர்களுக்கு உயிரே போனது.

இந்தியாவிலும் வெள்ளைக்கார அரசு 1870-71ல் இதற்காக ஒரு கமிஷன் போட்டது. 1889-ல் புனேயில் ஒரு ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார்கள். கிருமியைக் கையாளுகிற இடம் ஊருக்கு நடுவில் இருக்கலாமா? 1893-ல் அதைத் தூக்கிக்கொண்டு போய் இமயமலை அடுக்கில், குமாவுன் பக்கம், 7000 அடிக்கு மேலே முக்தேசுவரில் வைத்தார்கள். இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அதுதான். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் கூட 1897-ல் அங்கே வந்து பார்த்திருக்கிறார். அதற்குச் சற்று முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் இதே வெக்கையோடு மல்லுக்கட்டி, செத்த மாட்டின் பித்தநீரை எடுத்து மற்ற மாடுகளுக்கு ஊசியாகப் போடும் முறையைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பித்தநீரை விட அடுத்து வந்த முறை இன்னும் பயங்கரம். ஒரு பக்கம் நோயிலிருந்து பிழைத்த மாட்டின் சீரம், இன்னொரு பக்கம் நோயுள்ள மாட்டின் ரத்தம், ரெண்டையும் ஒரே நேரத்தில் மாட்டுக்கு ஏற்றுவது. அதாவது நோயையும் கொடுத்து, அதைத் தடுக்கக் கையில் ஒரு கவசத்தையும் கொடுப்பது. வேலை செய்தது. ஆனால் சீரம் மலை மலையாக வேண்டும், காசு தண்ணீராகச் செலவாகும், அளவு தப்பினால் ஊசியே நோயைப் பரப்பும். போதாக்குறைக்கு அந்த ரத்தத்தோடு வேறு உண்ணிக் காய்ச்சல் கிருமிகளும் சேர்ந்து ஏறிவிடும்.

இங்கேதான் ஆடு வருகிறது.

1920களில் முக்தேசுவரில் இயக்குநராக இருந்தவர் ஜே.டி. எட்வர்ட்ஸ். மாட்டு ரத்தத்தில் இருக்கும் அந்த வேற்றுக் கிருமிகளின் தொல்லையிலிருந்து தப்பிக்க, வெக்கைக் கிருமியை மாட்டில் வளர்ப்பதற்குப் பதிலாக ஆட்டில் வளர்க்கலாம் என்று ஒரு ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே போனார். அவருக்கு வேண்டியது சுத்தமான, வீரியமான கிருமி. ஆனால் நூற்றுக்கணக்கான முறை ஆட்டிலேயே புழங்கிய கிருமிக்கு மாட்டைக் கொல்லும் வீரியம் குறைந்துபோய்விட்டது. புகுந்த வீட்டிலேயே பழகி, பிறந்த வீட்டுப் பழக்கம் மறந்துபோன கதை. அதை மாட்டுக்குப் போட்டால் காய்ச்சல் வரும், மாடு பிழைக்கும், அப்புறம் பல வருஷத்துக்கு வெக்கை அண்டாது. 1920களின் கடைசியில் சீரமே இல்லாமல் இதை மட்டும் போடும் முறை வந்துவிட்டது. ஆட்டின் மண்ணீரலை அரைத்துக் காயவைத்துச் செய்வதால் ஆட்டுத் திசு ஊசி என்று பெயர். ஒரு ஆட்டிலிருந்து எக்கச்சக்கமான மாடுகளுக்கு ஊசி. அடிமாட்டு விலை என்று சொல்லலாம். (மன்னிக்கவும், இந்த இடத்தில் அந்தச் சொல் பொருத்தமில்லை.) இந்தியாவின் அத்தனை மூலைக்கும் இதுதான் போனது. நம்ம ராணிப்பேட்டையில் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் தொடக்கம் 1932. தெற்கே மாடுகளுக்கான சீரமும் ஊசியும் தயாரித்தது அந்த நிலையம்தான்.

எங்க தாத்தா பயந்து ஓடியது இந்த ஆட்டு ஊசியைப் பார்த்துத்தான்.

இப்போது அந்தப் பரிசு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊசியில் இருந்தது உயிருள்ள கிருமி. வீரியம் குறைந்ததுதான், ஆனால் சுத்தமாகச் சாதுவாகிவிடவில்லை. சமவெளி நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. சில இனங்களுக்கு, இளைத்த மாட்டுக்கு, சினை மாட்டுக்கு அது கடுமையாகவே இருந்தது. நாலைந்து நாள் காய்ச்சல், தீனி எடுக்காது, பால் குறையும். உடம்பில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்த உண்ணிக் காய்ச்சலை இந்த ஊசி எழுப்பிவிடுவதும் உண்டு. சில மாடு செத்தும் போகும். சீமை மாடுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதையெல்லாம் கால்நடை அறிவியல்காரர்களே பதிவு செய்திருக்கிறார்கள், மாற்று ஊசி தேடியதற்கே முக்கியமான காரணம் இதுதான்.

ஆக, ஊரில் யாரோ ஒருத்தர் வீட்டு மாடு ஊசி போட்ட மறுவாரம் படுத்ததைத் தாத்தா கண்ணால் பார்த்திருப்பார். வராத வெக்கைக்காக, வந்தே தீரும் காய்ச்சலை வாங்கிக்கொள்ளச் சொன்னால் உழவு நேரத்தில் யார் சம்மதிப்பார்கள்? அவருடைய கணக்கு தப்பாகப் போய்விட்டது, மறுக்கவில்லை. ஊசி போட்டிருந்தால் காரியும் செவலையும் அனேகமாகப் பிழைத்திருக்கும். ஆனால் அது அறியாமைக் கணக்கு இல்லை. தெரிந்ததை வைத்துப் போட்ட கணக்கு. விஞ்ஞானிகளும் அதே குறையைத்தான் அந்த ஊசியின் மீது சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, மாற்று தேடிய கதைக்கு வருவோம். கொரியாவின் பூசான் நகரத்தில் நாகமுரா என்ற ஜப்பானியர் 1930களில் ஆட்டுக்குப் பதில் முயலில் கிருமியைப் பழக்கினார். இன்னும் சாதுவான ஊசி கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், எதிரி வெக்கைக் கிருமியைக் கொண்டுவந்து கொட்டிவிடுவானோ என்று அமெரிக்காவும் கனடாவும் பயந்துபோய், கனடாவில் குரோஸ் தீவில் ரகசியமாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்து, ரிச்சர்ட் ஷோப் என்பவர் தலைமையில் கோழிமுட்டைக் கருவில் கிருமியை வளர்த்தார்கள். ஆடு, முயல், கோழிமுட்டை. மாட்டு நோய்க்கு இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்!

உண்மையான திருப்பம் கென்யாவில். நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா என்ற ஊர். வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர். போலியோ ஆராய்ச்சியில் அப்போது புதிதாக வந்திருந்த வித்தை, உயிருள்ள விலங்கு இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் செல்களை வளர்த்து அதில் கிருமியை வளர்ப்பது. பிளவ்ரைட் கன்றுக்குட்டியின் சிறுநீரகச் செல்களில் வெக்கைக் கிருமியைத் திரும்பத் திரும்ப, சுமார் 90 தடவை வளர்த்தார். 1960களின் தொடக்கத்தில் ஊசி தயார். இதைப் போட்டால் காய்ச்சல் கிடையாது. எந்த இனமாக இருந்தாலும், கன்றானாலும் சினையானாலும் தாங்கும். ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும். விலையும் மலிவு. இதற்காக 1999-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். தாத்தா மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாத ஊசி. என்ன, ஒரு ஏழெட்டு வருஷம் தாமதம்.

இதற்கும் ஒரு குறை இருந்தது. பனிக்கட்டி வேண்டும். குளிர்ச்சி விட்டால் ஊசி வெறும் தண்ணீர். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். கோடை வெயிலில் சைக்கிள் கேரியரில் பிளாஸ்க் கட்டிக்கொண்டு போன நம்ம கம்பவுண்டர்களை நினைத்துப் பாருங்கள். கடைசிக் கிராமத்துக் கடைசி மாட்டுக்கு ஏறியது மருந்தா தண்ணியா என்று யார் கண்டது? பதிவேட்டில் ரெண்டும் ஒரே மாதிரிதான் ஏறும்.

இதைக் குத்தலுக்காகச் சொல்லவில்லை. நம்ம நாட்டின் வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954-ல் தொடங்கியது. ஐந்து வருஷத்தில் 80 சதவீத மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தானாக அற்றுப்போகும் என்பது திட்டம். நோய் மளமளவென்று குறைந்தது உண்மை. ஆனால் அற்றுப்போகவில்லை. பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் என்று ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள், வெக்கையும் எங்கேயாவது தலைகாட்டிக்கொண்டே இருந்தது, குறிப்பாகத் தென்னிந்தியாவில். ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். 1962-லிருந்து 1976 வரை நாடு நாடாக ஊசி போட்டு, ஒழிந்தது என்று மூச்சு விட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றிரண்டு மூலைகளிலிருந்து 1980களின் தொடக்கத்தில் மறுபடி கிளம்பி லட்சக்கணக்கில் மாடுகளைக் கொன்றது. போட்ட ஊசிகளை எண்ணினார்களே தவிர, நோய் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடவில்லை. வருஷா வருஷம் பிறக்கும் கன்றுகள், சந்தைக்குச் சந்தை நடக்கும் மாடுகள் இந்த ரெண்டும் போதும் வெக்கைக்கு.

ஆப்பிரிக்காவுக்குப் பனிக்கட்டிப் பிரச்சினையைத் தீர்த்தவர் ஜெஃப்ரி மரைனர் என்ற அமெரிக்கர். பிளவ்ரைட்டின் அதே கிருமிதான், உறைய வைத்து உலர்த்தும் முறையை மாற்றினார். வெயில் தேசத்திலும் குளிர்ப்பெட்டி இல்லாமல் ஒரு மாதம் தாங்கும் ஊசி. அதுக்கப்புறம் டாக்டர் ஜீப்பில் போகவேண்டியதில்லை. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் தெற்கு சூடானிலும் மாடு மேய்ப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சண்டை நடக்கும் இடத்துக்கெல்லாம் அவர்கள் மாட்டோடு மாடாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இந்தியாவில் நடந்தது வேறு. 1992-ல் ஐரோப்பிய உதவியோடு புதிய திட்டம் வந்தது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, நோய் குடியிருக்கும் தென் தீபகற்பத்தைத் தனியாக வைத்து, ஊசியை அங்கே குவித்தார்கள். ஊர் ஊராக, சந்தை சந்தையாக, மாடு நடக்கும் வழியெல்லாம் நோயைத் தேடினார்கள். எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோடு எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "மாட்டுக்கு வாய்ப்புண்ணு, கழிச்சல் எதாவது உண்டா?" என்று கேட்டார். ஆயா உள்ளேயிருந்து, "அதெல்லாம் எப்பவோ வந்துட்டுப் போயிடுச்சு, இப்ப வந்து கேக்குறியா" என்றது. அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

இந்தியாவின் கடைசி வெக்கை எங்கே வந்தது தெரியுமா? 1995 ஜூன் மாதம், நம்ம தமிழ்நாட்டில், வட ஆற்காட்டில். ஊசி தயாரிக்கும் ராணிப்பேட்டை இருக்கும் அதே வட ஆற்காடு! எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வருத்தமும் வந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான முடிவு. ஊசியை நிறுத்துவது.

ஏன் நிறுத்த வேண்டும்? ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்புப்பொருள் இருக்கும், நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் இருக்கும். சோதனையில் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டே இருக்கும்வரை நோய் போய்விட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிறுத்திவிட்டு, புதிதாகப் பிறந்த கன்றுகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, எதிர்ப்புப்பொருளே இல்லை என்றால்தான் கிருமி இல்லை என்று அர்த்தம். அதாவது நாட்டின் மாடுகளையெல்லாம் கவசம் இல்லாமல் நிறுத்திவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று காட்ட வேண்டும். எங்கேயாவது ஒரு மூலையில் கிருமி மிச்சம் இருந்தால்? ஆப்பிரிக்காவில் அதுதானே நடந்தது. கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். நிறுத்தினார்கள். தேடினார்கள். ஒன்றும் வரவில்லை. 2006 மே மாதம் இந்தியாவில் வெக்கைக் கிருமி இல்லை என்று உலக அளவில் சான்று கிடைத்தது.

இதற்கு நடுவில் ஒரு கிளைக்கதை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

திருச்சி நெடுஞ்சாலையில் விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் அரசூர் என்று ஒரு ஊர். பஸ்ஸில் எத்தனை தடவை தாண்டியிருப்பீர்கள்! 1987-ல் அங்கே செம்மறி ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கண்ணில் தண்ணீர், வாயில் புண், கழிச்சல். ஆயா சொன்ன அதே அடையாளங்கள். தென்னிந்தியாவில் ஆடுகளுக்கு இப்படி வந்தால் மாட்டு வெக்கைதான் ஆட்டுக்குத் தாவிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் அதுவரை வழக்கம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலா குழுவினர் அந்தக் கிருமியைச் சோதித்து, இது வெக்கை இல்லை, அதன் தம்பி என்று 1989-ல் அறிவித்தார்கள். 1942-ல் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட பி.பி.ஆர். நோய். நம்ம ஊரில் ஆட்டுக்கொல்லி என்போம். இந்தியாவில் அது இருப்பது வெளியே தெரிந்தது அரசூர் ஆடுகளால்தான்.

இது ஏன் முக்கியம்? ஆட்டில் வெக்கை உலவுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் மாட்டில் அதை ஒழித்துவிட்டோம் என்று எப்படி நம்புவது? ரெண்டும் வேறு வேறு என்று தெரிந்த பிறகுதான் கணக்கு நேரானது.

ஆனால் ஆடுகளுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. அதுவரைக்கும் ஆட்டுக்கொல்லிக்குத் தனி ஊசி கிடையாது. பிளவ்ரைட்டின் மாட்டு ஊசியைத்தான் ஆட்டுக்குப் போட்டார்கள், பங்காளிக் கிருமி என்பதால் நன்றாகவே கேட்டது. மாமா கேட்ட கேள்வியின் மறுபக்கம் பாருங்கள், ஆட்டுக்கு மாட்டு ஊசி! இப்போது வெக்கை ஒழிந்ததை நிரூபிக்க வேண்டுமென்றால் வெக்கை ஊசியை யாருக்கும் போடக்கூடாது, ஆட்டுக்கும்தான். மாடு பிழைத்த சந்தோஷத்தில் ஆடு அம்போ என்று நின்றது. அதனால் ஆட்டுக்கொல்லிக் கிருமியிலிருந்தே ஊசி செய்தாக வேண்டியிருந்தது. முக்தேசுவரில் இமாசலப் பிரதேசத்து சுங்ரியில் எடுத்த கிருமியை வைத்து ஒன்று செய்தார்கள். நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் அரசூர் கிருமியையே பழக்கி ஒன்று செய்தார்கள், கோயம்புத்தூர் கிருமியில் இன்னொன்று. அரசூர்/87 என்றுதான் அந்த ஊசிக் கிருமிக்குப் பேர். அடுத்த தடவை பஸ்ஸில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தின் கடைசி வெக்கை 2001-ல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளுக்கு வந்தது. அதற்கப்புறம் எங்கேயும் இல்லை. 2011 ஜூன் 28-ந் தேதி ரோமில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெக்கை பூமியிலிருந்தே போய்விட்டது என்று அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய். அன்றைக்கு நம்ம பேப்பர்களில் இது எந்தப் பக்கத்தில் வந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. ஆயா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது, சொல்லியிருந்தால் நம்பியிருக்காது.

கிருமி இன்னும் சில ஆய்வுக்கூடங்களின் உறைபெட்டிகளில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் தன்னிடம் இருந்ததையெல்லாம் மரபுக்குறிப்பைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு 2019-ல் அழித்துவிட்டது. 2025 மே மாதம் போபாலில் இருக்கும் நம்ம நாட்டு உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்கும் வெக்கைக் கிருமியைக் காவல் வைத்திருக்கும் அங்கீகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

கழலை நோய்க்கும் இப்போது சொந்த ஊசி வந்துவிட்டது. ராஞ்சியில் 2019-ல் எடுத்த கிருமியை செல்களில் 50 தடவை வளர்த்துப் பழக்கி, ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையமும் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2022 ஆகஸ்டில் லம்பி-புரோவாக்இண்டை அறிமுகப்படுத்தின. எட்வர்ட்ஸ் ஆட்டில் செய்ததும், பிளவ்ரைட் குடுவையில் செய்ததும் இதே வேலைதான். 2025 பிப்ரவரியில் இன்னொரு ஊசிக்கும், பயோலம்பிவேக்சினுக்கு, உரிமம் கிடைத்தது. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் சோதனையில் பிரித்துச் சொல்லிவிடலாம் என்கிறது தயாரித்த நிறுவனம். சொன்னபடி நடந்தால் வெக்கைக்காரர்கள் பட்ட அந்தத் தூக்கமில்லாத கஷ்டம் இதில் இருக்காது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் உட்கார வைத்துச் சொன்னேன். முக்கால் மணி நேரம். காரி, செவலை கதை வந்தபோது, தாத்தா மேல் தப்பில்லை என்று நான் சொன்னபோது, மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் வைக்கோல் போரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

"மாட்டு ஊசியை ஆட்டுக்கு நிறுத்திட்டாங்கன்னு சொன்னியே. இப்ப ஆட்டுக்கொல்லிக்கு எப்ப போடுவாங்க? நம்மகிட்ட எட்டு உருப்படி நிக்குது மாப்ள."

மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தோம். எட்டுக்கும் போட்டாச்சு.